குடியம் மலைப் பயணம்: பெற்றோர்களுக்கு ஒரு விளக்கம்

ஜனவரி 4 ஞாயிறு அன்று அஸர் தொழுகைக்குப் பின் நம் மதரஸா அரங்கில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை



ஞாயிற்றுக்கிழமை என்றாலும் உங்களில் பலர் இரவு ஷிஃப்ட் முடித்து, சரியாகத் தூங்காமல் வந்திருக்கிறீர்கள். அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவானாக.

இந்த மாதம் 25 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மதரஸா பிள்ளைகளையும் மஹல்லா இளைஞர்களையும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள குடியம் குகைக்கு அழைத்துப் போவதாக அறிவித்திருந்தோம். மறுநாள் குடியரசு தின விடுமுறை, களைப்பு தீர ஒரு நாள் இருக்கிறது என்றுதான் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தோம். வீடு வீடாகச் சம்மதப் படிவம் கொடுத்தோம். பாதிப் படிவங்கள் திரும்பி வரவில்லை. வந்தவற்றில் பெண் பிள்ளைகளுடையவை விரல் விட்டு எண்ணலாம். நேரில் கேட்டபோது ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். "காடு, மலை என்கிறீர்கள், பாம்பு கடித்தால் யார் பொறுப்பு?" என்றார் ஒருவர். "குரங்கணியில் என்ன ஆனது, மறந்துவிட்டீர்களா பாய்?" என்றார் இன்னொருவர். "இதெல்லாம் மதரஸாவுக்குத் தேவையா?" என்றும் ஒரு கேள்வி. எல்லாமே நியாயமான கேள்விகள். பிள்ளையைப் பெற்றவர்கள் இவற்றைக் கேட்காமல் இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும். அதனால்தான் இந்தக் கூட்டம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறோம்.

நம் பிள்ளைகள் வளர்கிற இடத்தைப் பாருங்கள். வீட்டை விட்டு இறங்கினால் கன்டெய்னர் லாரி. ஒரு பக்கம் சிப்காட் சுற்றுச்சுவர், இன்னொரு பக்கம் பிளாட் போட்ட வயல். ஏரிக்கரையில் கூட தனியாக விட முடிவதில்லை. பத்து வயதுப் பையனுக்கு எந்தக் கம்பெனி பஸ் எந்த நிறம் என்று தெரிகிறது. வேப்பமரத்துக்கும் மலைவேம்புக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. இது அவன் குற்றமில்லை. காட்டுவதற்கு நம்மிடம் எதுவும் மிச்சமில்லை.

ஆனால் நாம் கூட்டிப் போகாவிட்டால் அவர்கள் போகாமல் இருக்கிறார்களா? அதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ஞாயிறு காலையில் ஒரு பைக்கில் மூன்று பேராக ஏறித் தடா அருவிக்கும் நாகலாபுரத்துக்கும் போய் வருகிறார்கள். வீட்டில் டியூஷன் என்று சொல்லியிருப்பார்கள். அதற்கும் நேரமில்லாதவர்கள் பக்கத்தில் உள்ள கல்குவாரிக் குட்டைக்குப் போகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் நம் மஹல்லா பிள்ளை ஒருவனின் ஜனாஸாவை அப்படித்தான் தூக்கினோம். அவனுடைய அத்தா இன்று இந்த அரங்கில் இருக்கிறார். அவர் அனுமதி கொடுத்த பிறகே இதைச் சொல்கிறோம். அவனுக்கு நீச்சல் தெரியும். நம் ஏரியில் நீந்திப் பழகியவன்.

குவாரிக் குட்டை ஏரி மாதிரி கிடையாது. ஏரியில் கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூடும், காலுக்குத் தரை தட்டும். குவாரியில் பாறையைச் செங்குத்தாக வெட்டி எடுத்திருப்பார்கள். இறங்கின இடத்திலேயே இருபது, முப்பது அடி இருக்கலாம். மேல் தண்ணீர் வெயிலில் சூடாக இருக்கும், கீழே குளிர்ந்து கிடக்கும். தசை பிடித்துக்கொண்டால் பற்றி ஏற ஒரு விளிம்பு கூட இருக்காது. பாறைச் சுவர் வழுக்கும். காப்பாற்றக் குதித்தவனும் அதே நிலைக்கு ஆளாவான். இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்ததாகத் தெரியவில்லை. "போகாதே" என்று மட்டும் எல்லோரும் சொன்னோம்.

பாறை, பள்ளம், காடு, தண்ணீர் இவற்றைப் பெரியவர்களின் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகட்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம். மதரஸாவுக்கு இது தேவையா என்றால், தேவை என்றே நாம் நினைக்கிறோம்.

இனி இடத்தைப் பற்றி. குடியம் நமக்கு தூரமில்லை. ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் வழியாகப் பூண்டி போய், அங்கிருந்து கிராமத்துச் சாலையில் போக வேண்டும். சுமார் 50 கிலோமீட்டர். பூண்டி ஏரியை நீங்கள் அறிவீர்கள். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி 1944 இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி அவர்கள் முயன்று கொண்டுவந்ததால் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சென்னைக்குப் போகிற குடிநீர் அது. அதில் குளிப்பதற்கு அனுமதி கிடையாது. நம் பிள்ளைகள் கரையில் நின்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அங்கிருந்து அல்லிக்குழி மலைத்தொடர் ஆரம்பிக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமில்லை. புதர்க்காடு. களாவும் காரையும் முள்ளுமாக இருக்கும். கிராமத்தின் எல்லையிலிருந்து குகைக்கு ஒற்றையடிப் பாதையும் வண்டித்தடமுமாகப் போக வேண்டும். போக வர 8, 9 கிலோமீட்டர் வரும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நிதானமாக நடக்கலாம். நாங்கள் நான்கு பேர் டிசம்பரில் போய் நடந்து பார்த்தோம். எங்களில் ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு முழங்கால் வலி. இருவரும் போய் வந்துவிட்டார்கள். வழியில் யார் அதிகம் உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டோம்.

குகை என்றதும் இருட்டான சுரங்கம் என்று நினைக்க வேண்டாம். மலையின் பக்கம் செங்குத்தான பாறையாக நிற்கிறது. அதன் அடிப்பாகம் உள்வாங்கி, மேலே கூரை மாதிரி பாறை நீண்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் விசேஷம் தெரியும். அது ஒரே பாறை இல்லை. உருண்டை உருண்டையான கூழாங்கற்கள், முட்டை அளவிலிருந்து பூசணிக்காய் அளவு வரை, மண்ணோடு சேர்ந்து இறுகிப்போனவை. கட்டட வேலை செய்கிறவர்கள் பார்த்தால் உடனே கான்கிரீட் என்பார்கள். நாங்களும் அதைத்தான் சொன்னோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து குவித்த கற்கள், அப்படியே அடுக்கடுக்காக இறுகிப் பாறையாகிவிட்டன.

அந்தக் கூழாங்கற்களால்தான் இந்த இடத்துக்கு உலகப் பெயர். 1863 மே 30 ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் ஆய்வாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். நாம் விமான நிலையத்துக்குப் போகும்போது கடக்கிற அதே பல்லாவரம்தான். மனிதன் கையால் தட்டிச் செதுக்கிய கற்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதலில் கிடைத்த சான்று. அதே ஆண்டு செப்டம்பரில் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் இன்னும் ஏராளமாகக் கிடைத்தன. குடியத்தில் பின்னாளில், 1960களில், இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகிய இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011 இல் வெளியிட்டார்கள். பூண்டியில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கருவிகளைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம்.

இந்த லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கைக் கேட்டால் பிள்ளைகள் திரும்பி வந்து ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பற்றி உங்களிடம் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்களை அதட்டி உட்கார வைக்காமல் ஹஜ்ரத்திடம் அனுப்புங்கள். அவர் பதில் சொல்லத் தயாராக இருக்கிறார். கேள்விக்குப் பயந்து பிள்ளையை அருங்காட்சியகத்துக்கு அனுப்பாமல் இருப்பது சரியில்லை.

ஒரு நிபந்தனை. எந்தப் பிள்ளையும் அங்கிருந்து ஒரு கல்லைக் கூட பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. நமக்குச் சாதாரணக் கூழாங்கல்லாகத் தெரிவது ஆய்வாளருக்குக் கருவி. அது கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்கு மதிப்பு. குகையில் உள்ளூர் மக்கள் வழிபடுகிற அம்மன் இருக்கிறது. அங்கே செருப்போடு ஏறுவது, சிரிப்பது, படம் எடுத்துக் கேலியாகப் போடுவது எதுவும் கூடாது. அவர்கள் ஊருக்கு நாம் விருந்தாளியாகப் போகிறோம்.

இப்போது ஆபத்துகளுக்கு வருகிறோம். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்கிறோம்.

முதலாவது, பாறை. கூழாங்கல் பாறை என்றோமே, அதில் கற்கள் பல்லுப் போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மழைக்காலம் முடிந்த சமயத்தில் சில தளர்ந்து விழும். ஆகவே சுவரில் ஏறுவது, கல்லை நோண்டுவது, விளிம்புக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிடுவது கிடையாது. மேல் விளிம்புக்குப் போய் நின்று செல்ஃபி எடுப்பது அறவே கிடையாது. பயணத்தில் பிள்ளைகளிடம் செல்போன் இருக்காது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெரியவரிடம் மட்டும் இருக்கும். இதற்குத்தான் இளைஞர்களிடமிருந்து அதிக எதிர்ப்பு வந்தது. வரட்டும்.

இரண்டாவது, தேனீ. இதைப் பலரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பாறைக் கூரையில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடைகளாகக் கட்டித் தொங்குகின்றன. குர்ஆனில் தேனீயின் பெயரிலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது, மலைகளில் அது வீடு கட்டுவது அதில் சொல்லப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த வீட்டை நேரில் பார்க்கப் போகிறார்கள். ஆனால் இந்தத் தேனீ பெட்டியில் வளர்க்கிற ரகமில்லை. கலைந்தால் கூட்டமாக வந்து கொட்டும், வெகுதூரம் துரத்தும். அதைக் கலைப்பவை சத்தம், புகை, கல்லெறி, அப்புறம் கடுமையான வாசனை. ஆகையால் அன்று மட்டும் யாரும் அத்தர் பூச வேண்டாம். வெள்ளிக்கிழமைச் சட்டையில் போன வார அத்தர் இருந்தால் அந்தச் சட்டையையும் போட வேண்டாம். பாடி ஸ்பிரே, வாசனை எண்ணெய், பெண்களுக்கு மல்லிகைப் பூ, எதுவும் வேண்டாம். குகைக்குள் பேச்சு மெதுவாக. தக்பீர் முழக்கமும் வேண்டாம். மனதுக்குள் சொன்னால் போதும். எந்தப் பிள்ளைக்காவது தேனீயோ குளவியோ கொட்டி முன்பு முகம் வீங்கியிருந்தால், மூச்சு வாங்கியிருந்தால், படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். அந்தப் பிள்ளையைக் குகைக்கு அழைத்துப் போக மாட்டோம், பூண்டி வரை அழைத்துப் போவோம்.

மூன்றாவது, பாம்பு. இருக்கும், காடு அதனுடைய வீடு. அரை அடி பார்த்து நடந்தால் அது நம்மை விட்டு விலகிப் போகும். நம்மோடு வருகிற வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்கள். புதருக்குள் எது அசைகிறது என்று நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் இருளர் சமுதாயத்துக்குப் பாம்பைப் பற்றித் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பாம்பு விஷம் எடுத்துக் கொடுப்பது வடநெம்மேலியில் 1978 இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்தான். நம் செங்கல் சூளைகளில் கூலி வேலை பார்க்கிறவர்கள் என்று மட்டும் அவர்களை அறிந்த நம் பிள்ளைகள், இதையும் அறிந்துகொள்ளட்டும். ஒருவேளை கடித்தால், கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு கட்டி இறுக்குவது, மந்திரிக்கக் கூட்டிப் போவது எதுவும் செய்யக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வந்து, 108 வண்டியிலோ நம் வண்டியிலோ நேராகத் திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்கு. அதற்காகவே பஸ்ஸோடு ஒரு காரும் வருகிறது. தூக்குவதற்குத் துணி ஸ்ட்ரெச்சர் ஒன்று வாங்கியிருக்கிறோம். முழு ஷூவும் நீளமான பேன்ட்டும் போட்டு வந்தாலே பாதிப் பயம் போய்விடும். ஷூ இல்லாத பிள்ளைகளுக்கு அறக்கட்டளை வாங்கித் தரும். பெயரை யாரிடமும் சொல்ல மாட்டோம்.

நான்காவது, தீ. குரங்கணியைக் கேட்ட சகோதரருக்கு விரிவாகவே பதில் சொல்கிறோம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் குரங்கணிக்கும் கொழுக்குமலைக்கும் இடையே இரண்டு குழுக்கள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று சென்னையிலிருந்து வந்தது, மற்றது ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து. பெண்கள் பலர் இருந்தார்கள். மார்ச் மாதம், மலைச்சரிவு முழுக்கக் காய்ந்த புல். கீழே பற்றிய தீ காற்றோடு சரிவில் ஏறியது. தப்பிக்க ஓடியவர்கள் சிதறிப் பள்ளத்தில் விழுந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. அனுமதி வாங்கிய பாதை வேறு, நடந்த பாதை வேறு என்று அப்போது செய்திகள் வந்தன.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதன் மேட்டில் மெதுவாகத்தான் ஓட முடியும். ஆகவே புல்வெளியில் மேல்நோக்கி ஓடினால் தீ ஜெயிக்கும். புல் இல்லாத பாறை, வெறுந்தரை, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம், இவைதான் பாதுகாப்பு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு, தீக்காலத்தில் போகாமல் இருப்பது. பொதுவாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறது. நாம் போவது ஜனவரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து காடு பச்சையாக இருக்கிற சமயம். பிப்ரவரியில் எப்படியும் ரமளான் வந்துவிடும். அதனால்தான் "கோடை லீவில் போகலாமே" என்று சொன்ன தாய்மார்களின் யோசனையை ஏற்க முடியவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த 2018 லேயே விதிகள் கொண்டுவந்தது. முன்பு யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் கூப்பிட, கூட்டமாகக் கிளம்பிப் போவார்கள். இப்போது வனத்துறை அனுமதி, வழிகாட்டி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழையக் கூடாது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்து, இணையத்தில் முன்பதிவு செய்ய வைத்திருக்கிறார்கள். மலைவாழ் மக்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். குடியமும் அந்தப் பட்டியலில் உண்டு. நாம் அதன் வழியாகத்தான் போகிறோம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும் என்பது அவர்கள் விதி. நாம் படிவத்துக்கு இவ்வளவு அலைவது அதனால்தான். வழிகாட்டி நில் என்றால் நம் தலைவர் உட்பட எல்லோரும் நிற்போம். திரும்பு என்றால் பாதி வழியிலேயே திரும்புவோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற பேச்சு கூடாது.

இளைஞர்கள் கேட்டது இன்னொன்று: "ஒரு ராத்திரி அங்கேயே கூடாரம் அடித்துத் தங்கினால் என்ன?" ஆசை புரிகிறது. கட்டாந்தரையில் படுத்து நட்சத்திரம் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் இரவு தங்குவதும் தீ மூட்டுவதும் வனச் சட்டப்படி குற்றம். அது இன்று நேற்று வந்த சட்டமில்லை, 1882 ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே பகல் பயணத்துக்குத்தான் அனுமதி. ஆகவே கூடாரம் நம் மதரஸா மைதானத்தில். 24 ஆம் தேதி சனிக்கிழமை இரவு, இஷாவுக்குப் பிறகு. ஆறு கூடாரம் வாடகைக்குப் பேசியிருக்கிறோம். கூடாரத்தை எந்தப் பக்கம் காற்றுக்கு முதுகு காட்டி அடிப்பது, முளை எப்படிச் சாய்த்து அடிப்பது, கொசுவலை எப்படிக் கட்டுவது என்று அன்று கற்றுக்கொள்ளலாம். பனி இறங்கும், போர்வை கொண்டு வாருங்கள். பக்கத்துக் கம்பெனியின் விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரம் நாலைந்துதான் தெரியும். அதையும் பிள்ளைகள் எண்ணட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு அதே இரவு மதரஸா மாடியில், ஆலிமா அவர்களும் தாய்மார்களும் கூட இருக்க, ஏற்பாடு செய்திருக்கிறோம். கூடாரம் மாடிக்கும் உண்டு. போன கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை எழுந்து, "அவங்களுக்கு மட்டும் டென்ட், எங்களுக்குப் பாயா?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு நிர்வாகக் குழுவில் யாரிடமும் பதில் இல்லை. அதனால் கூடாரம் ஆறானது.

பெண் பிள்ளைகளை அனுப்புவது பற்றி இன்னும் சிறிது பேச வேண்டும். குரங்கணியில் பெண்கள் பலர் இறந்ததைக் காட்டி ஒரு சகோதரர் மறுத்தார். அங்கே தீ ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. தவறான காலம், காய்ந்த புல், இதுதான் அங்கே நடந்தது. மஹ்ரம் துணையைப் பற்றி ஹஜ்ரத்திடம் கேட்டோம். காலையில் போய் மாலையில் திரும்புகிற குறுகிய தூரம், பெண்கள் தனிக் குழுவாக, பொறுப்பான தாய்மார்களோடு போவதில் தடையில்லை என்றார். இருந்தாலும் மனம் கேட்காதவர்கள், அத்தாவோ அண்ணனோ தாராளமாகக் கூட வரலாம். வந்தால் நமக்கு உதவிக்கு ஆளாயிற்று. பெண்கள் குழுவுக்குப் பெண் வழிகாட்டி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறோம். கிடைக்காவிட்டாலும் முன்னால் வழிகாட்டி, பின்னால் நம் தாய்மார்கள் என்ற வரிசையில்தான் நடப்பார்கள்.

உடையைப் பற்றி ஆலிமா அவர்கள் சொல்லச் சொன்னது: நீளமான, தளர்வான சுடிதார், கீழே பேன்ட், பின் குத்திய தலைத்துணி. தரையில் புரளும் புர்கா முள்ளில் மாட்டும், கல்லில் தடுக்கும். கணுக்காலுக்கு மேல் நிற்கிற மாதிரி தைத்ததைப் போட்டுக்கொள்ளலாம். காட்டுக்குள் கழிப்பறை கிடையாது. கிளம்பும் முன் ஊரிலேயே எல்லோரும் போய்விட வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். உடல்நிலை சரியில்லாத பிள்ளைகள் ஆலிமாவிடம் மட்டும் சொன்னால் போதும், பூண்டியில் அவர்களோடு இருப்பார்கள்.

நம் முன்னோர் மலைக்கும் பயணத்துக்கும் புதியவர்களா என்ன? இப்னு பதூதா 1344 இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார். செங்குத்தான பாறையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டிருந்ததை எழுதி வைத்திருக்கிறார். அங்கே போக அவர் அனுமதி கேட்டது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியிடம். அரசன் வழி தெரிந்த ஆட்களையும் பல்லக்கையும் கொடுத்து அனுப்பினான். உலகம் சுற்றியவரே உள்ளூர் மன்னரின் அனுமதியோடும் உள்ளூர் ஆட்களோடும்தான் மலைக்குப் போயிருக்கிறார். இதை நம் பைக் வாலிபர்களுக்காகச் சொல்கிறோம்.

தொழுகை விஷயம். தூரம் 50 கிலோமீட்டர்தான் என்பதால் கஸ்ர் கிடையாது. ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபிலும் அதற்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேண்டும். ஃபஜ்ர் நம் பள்ளியில். 5.45 மணிக்கு பஸ் கிளம்பும், காத்திருக்காது. எட்டு மணிக்குள் நடக்க ஆரம்பித்தால் பன்னிரண்டரைக்கெல்லாம் திரும்பிவிடலாம். லுஹர் பூண்டி வந்து ஜமாஅத்தாக. ஒளு செய்யப் பஸ்ஸில் இரண்டு கேன் தண்ணீர் இருக்கும் என்பதால் தயம்முமுக்கு அவசியம் வராது. என்றாலும் எப்படிச் செய்வது என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவோம். கிப்லா நம் ஊரில் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே. திசைகாட்டி இல்லாமல் சூரியனை வைத்து அதைக் கண்டுபிடிக்கிற போட்டி ஒன்று உண்டு. அஸருக்கு ஊர் வந்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

சாப்பாடு. பிரியாணி இல்லாமல் நம் பயணமா என்று முகம் வாடுகிறது, தெரிகிறது. பிரியாணி உண்டு, ஆனால் திரும்பி வந்து பூண்டியில். காட்டுக்குள் வாசனையும் எலும்பும் குரங்கையும் எறும்பையும்தான் கூப்பிடும். நடக்கும்போது பேரீச்சம்பழம், வறுகடலை, வாழைப்பழம், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். தண்ணீரை வீட்டு ஸ்டீல் பாட்டிலில் கொண்டு வாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதலே தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. காட்டில் அந்தத் தடையை நாமாவது மதிப்போம். போன டிசம்பரில் அந்தப் பாதையில் நாங்கள் பார்த்த பாட்டில்களும் சிப்ஸ் கவர்களும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஒவ்வொரு குழுவிடமும் ஒரு சாக்குப் பை இருக்கும். நாம் போட்டதை மட்டுமில்லாமல், கிடப்பதையும் பொறுக்கி வருவோம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. ஜகாத் நிதியிலிருந்து இதற்கு ஒரு ரூபாய் கூட எடுக்கவில்லை. அது யாருக்கு உரியது என்பது வரையறுக்கப்பட்டது, சுற்றுலாவுக்கு அதில் இடமில்லை. பஸ்ஸுக்கும் அனுமதிக் கட்டணத்துக்கும் பொது நன்கொடையிலிருந்து ஒரு பகுதி, மீதி நீங்கள் தருவது. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் இந்த மாதம் வேலை போன வீடுகளுக்கும் கட்டணம் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலருக்கு டிசம்பரோடு வேலை முடிந்தது நமக்குத் தெரியும். அவர்கள் நம்மிடம் வந்து கேட்க வேண்டியதில்லை, பட்டியல் நம்மிடம் இருக்கிறது.

குவாரியில் பிள்ளையைப் பறிகொடுத்த அந்தச் சகோதரர், தம் இளைய மகனின் படிவத்தில் முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கூட வருவதாகவும் சொல்லியிருக்கிறார். பையன்கள் குழுவின் கடைசி ஆளாக, யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

படிவங்கள் வாசலில் மேசை மேல் இருக்கின்றன. இரத்த வகை, ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். 14 ஆம் தேதிக்குள் தந்தால்தான் முன்பதிவு செய்ய முடியும். தாய்மார்கள் தங்கள் பக்கத்துப் படிவங்களை ஆலிமாவிடம் கொடுக்கலாம். இரவு ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்காக ஃபஜ்ருக்குப் பின்னும் அலுவலகம் திறந்திருக்கும். கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம், மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.